தாய்மாமன் ஒளித்துவைத்த இருபத்தொரு பெட்டி

எதையும் நம்புவதில்லை என்று பாண்டீஸ்வரன் கொள்கை வகுத்துக்கொண்டு ரொம்ப வருஷம் ஆகிறது. பால்காரரை நம்பமாட்டான், பாலில் மிதக்கவிட்டுப் பார்க்கும் கண்ணாடிக் குழாய் வைத்திருந்தான். பஸ் கண்டக்டரை நம்பமாட்டான், டிக்கெட்டில் போட்டிருக்கும் ஊரை இரண்டு தடவை வாசிப்பான். அப்பேர்ப்பட்டவன் ஒரு வைகாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் விளக்கிவிட்டு முன்னறைக்கு வந்தபோது, அவன் மனைவி மகாலட்சுமி தரையில் உட்கார்ந்து ஒரு மதர்போர்டுப் பெட்டியைச் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தாள்.

"என்ன பண்ற மகா?"

"ஒண்ணுமில்லங்க. தூசி தட்டுறேன்."

"தூசிய எதுக்குச் சாண் போடுற?"

"சாண் போட்டேனா? கை மரத்துப் போச்சுங்க. விரிச்சு மடக்குனேன்."

இது நம்புகிற மாதிரியா இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள். கை மரத்துப்போனவள் சுவரில் விரிக்கலாம், முழங்காலில் விரிக்கலாம். பெட்டியின் நீளத்துக்கு ஒரு தடவை, அகலத்துக்கு ஒரு தடவை, உயரத்துக்கு ஒரு தடவை விரிப்பானேன்? பாண்டீஸ்வரனுக்கு உள்ளே மணி அடித்துவிட்டது.

அவன் யார், அந்தப் பெட்டி எது என்று சொல்லிவிடுகிறேன். அல்லிநகரத்தில் வாடகை வீடு. தேனியில் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலை. அது சோற்றுக்கு. பேருக்கு என்று ஒரு வேலை உண்டு. சென்னையிலிருந்து வரும் ஒரு கம்ப்யூட்டர் மாதப் பத்திரிகையில் கம்ப்யூட்டர் பாகங்களைச் சோதித்து மதிப்புரை எழுதுகிறவன் அவன்தான். கடையில் கட்டி விற்கிற கம்ப்யூட்டரை வாங்காமல், மதர்போர்டு தனியாக, விசிறி தனியாக, கிராபிக்ஸ் கார்டு தனியாக என்று பார்த்துப் பார்த்து வாங்கி, வீட்டில் தானே பூட்டிச் சந்தோஷப்படுகிற ஒரு கூட்டம் இருக்கிறது. அந்தக் கூட்டத்துக்குப் பாண்டீஸ்வரன் எழுத்தென்றால் வேதவாக்கு.

காரணம் அவன் சந்தேகம்தான். "வாசகர்களே, இந்த விசிறி சத்தமே போடாது என்று பெட்டியில் அச்சடித்திருக்கிறார்கள். சத்தம் போடாதது என்று உலகத்தில் எதுவும் கிடையாது" என்று எழுதுவான். விசிறியைச் சாமி அறையில் ஓடவிட்டு, கதவைச் சாத்தி, மூச்சை அடக்கிக் கேட்பான். பவர் சப்ளை என்றால் அதற்கு மேல். ஐந்நூறு வாட் என்று போட்டிருந்தால், "நம்ம ஊரு கரண்டுல நிக்குமா?" என்பான். மகாலட்சுமியைக் கூப்பிட்டு மாவாட்டும் கிரைண்டரைப் போடச் சொல்வான். கிரைண்டர் உறுமும்போது வீட்டு பல்பு மங்கும். அப்போதும் கம்ப்யூட்டர் அணையாமல் நின்றால்தான் பாஸ். இந்தக் கிரைண்டர் சோதனையைப் பற்றிக் கோயம்புத்தூரிலிருந்தெல்லாம் வாசகர் கடிதம் வந்தது. கிரைண்டரைப் போட்டவள் பேரை அவன் ஒரு தடவைகூட எழுதியதில்லை என்பது வேறு விஷயம்.

அந்த 2008ஆம் வருஷம் அவனுக்குப் பெரிய கண்டம். பெரிய யோகம் என்றும் சொல்லலாம். ஆண்டு மலருக்காகப் பத்திரிகை ஆசிரியர் இருபத்தொரு பெட்டி அனுப்பியிருந்தார். கேபினெட் கூடு, மானிட்டர், மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு என்று முன்னறையில் மெத்தை போட இடமில்லை. எல்லாம் கம்பெனிக்காரர்கள் இரவல் கொடுத்தவை. ஒரு மாதம் சோதிக்க வேண்டியது, பெட்டி, உள்ளே இருக்கும் வெள்ளைப் பஞ்சு, ஒயரைச் சுற்றியிருக்கும் கம்பி முதற்கொண்டு அப்படியே திருப்பி அனுப்ப வேண்டியது. இது சரியாக நடந்தால் அடுத்த இதழிலிருந்து அவன் போட்டோவோடு "கௌரவ ஆசிரியர்" என்று போடுவதாக வாக்கு. ஒன்று தொலைந்தாலும் தொலைந்தது அவன் பேர்தான். போன வருஷம் திருச்சிக்காரர் ஒருவர் கட்டைவிரல் அளவுக்கு ஒரு விசிறியைத் தொலைத்தார். அன்றோடு அவர் எழுத்து அச்சில் வரவில்லை.

இந்த நிலைமையில்தான் பெண்டாட்டி சாண் போடுகிறாள்.

புதன்கிழமை அடுத்த மணி அடித்தது. ஆபீஸ் விட்டு வந்து செருப்பைக் கழற்றும்போது அடுப்படியில் அவள் போனில் பேசுவது கேட்டது. கதவும் திறந்துதான் இருந்தது.

"தம்பி, வேன் ஒண்ணு வேணும்டா. இருபது இருபத்தொரு சாமான் வரும். உடையிற சாமான்... ஆமா, ஞாயித்துக்கெழமதான்... அவருக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா குதிப்பாரு. சரி, வச்சிர்றேன்."

தம்பி என்றால் விஜய்பாண்டி. தேவாரத்தில் இருக்கிறான். இண்டர்நெட் பார்க்கிற பிரவுசிங் சென்டர் ஒன்று திறக்கப்போகிறான் என்று இரண்டு மாதமாகப் பேச்சு. பாண்டீஸ்வரனுக்கு எல்லாம் வெட்டவெளிச்சமாகிவிட்டது. வீட்டில் இருபத்தொரு பெட்டி. தம்பிக்கு வேண்டியது கம்ப்யூட்டர். நடுவில் அக்கா. ஞாயிற்றுக்கிழமை இவன் வீட்டில் இருக்கமாட்டான் என்பது அவளுக்குத் தெரியும், ஏனென்றால் அன்றைக்குச் சுருளிப்பட்டியில் அவன் தங்கச்சி மகனுக்குக் காதுகுத்து. இவன்தான் தாய்மாமன். விடிகிறதற்குள் பஸ் ஏறிவிடுவான், சீர்த்தட்டை எடுத்துக்கொண்டு அவள் பின்னால்தான் வருவாள்.

நேராகக் கேட்டுவிட வேண்டியதுதானே என்பீர்கள். அங்கேதான் சிக்கல். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியுமா? பாண்டீஸ்வரன் மடியிலும் கனம் இருந்தது.

தங்கச்சி முத்துலட்சுமியைச் சுருளிப்பட்டியில் மலைச்சாமிக்குக் கொடுத்திருந்தது. திராட்சைத் தோட்டம், சொந்த வேன், நல்ல குடும்பம். மூன்று வயசில் ஒரே பிள்ளை, இனியன். தாய்மாமன் சீரில் குறை வைத்தால் தங்கச்சிக்கு மாமியார் வீட்டில் தலைநிமிர முடியாது. இவனிடம் கொடுக்க ஒன்றும் இல்லை, மதிப்புரைதான் இருந்தது. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தான். மகாலட்சுமி கழுத்தில் இருக்கும் ரெட்டைவடச் சங்கிலி, அவள் அம்மா வீட்டில் போட்டது. போன மாதமே தங்கச்சிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டான்.

"நீ ஒண்ணும் கவலப்படாத ஆத்தா. பிள்ளை என் மடியில உக்காந்ததும், எல்லாரும் கேக்குறாப்ல, 'அண்ணே, மருமகனுக்கு என்ன போடப்போற?'ன்னு நீ கேளு. நான் ஒம் மதினியத் திரும்பிப் பாப்பேன். 'மகா, கழட்டிப் போடு'ம்பேன். அம்புட்டுச் சனம் பாக்கும்போது அவ என்ன, மாட்டேன்னா சொல்லுவா?"

"மதினி சம்மதிச்சிட்டாகளா அண்ணே?"

"சபையில சம்மதிப்பா. அதுவரைக்கும் மூச்சு விட்றாத."

இப்படி ஒரு வேலையைச் செய்துவைத்திருப்பவன் பெண்டாட்டியைப் பார்த்து "நீ எனக்குத் தெரியாம என்ன பண்ற?" என்று எந்த வாயால் கேட்பான்? கேட்கவில்லை. பெட்டிகளை ஒளித்துவிடுவது என்று முடிவெடுத்தான்.

எங்கே ஒளிப்பது? ஆபீசில் வைத்தால் செயலாளர் கேட்பார். பக்கத்து வீட்டில் வைத்தால் அரைமணியில் மகாலட்சுமிக்குத் தகவல் வந்துவிடும். இந்த உலகத்தில் பாண்டீஸ்வரன் சந்தேகப்படாத ஆள் ஒரே ஒருத்தி. அவள் முத்துலட்சுமி.

வியாழக்கிழமை சாப்பிடும்போது மகாலட்சுமியே வாயைக் கொடுத்தாள்.

"நாளைக்கி வீரபாண்டிக் கோயிலுக்குப் போறேங்க. வேண்டுதல் ஒண்ணு இருக்கு. வர சாயங்காலம் ஆயிரும்."

"போயிட்டு வா."

"ஆறு மணிக்கு முன்னாடி வரமாட்டேன்."

"சரிங்குறேன்ல."

"சாவி பக்கத்து வீட்ல குடுக்கல. ஒங்க கிட்டயே இருக்கட்டும்."

சந்தேகப்பட வேண்டிய ஒரே இடத்தில் பாண்டீஸ்வரன் சந்தேகப்படவில்லை. சாமி கண்ணைத் திறந்துவிட்டது என்று நினைத்து இன்னொரு கரண்டி ரசம் கேட்டான்.

வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு. மலைச்சாமியின் வேன் காலையில் தேனி மார்க்கெட்டில் திராட்சையை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத்தான் திரும்பும். அதை அல்லிநகரத்துச் சந்துக்கு வரச் சொல்லியிருந்தான். காலித் திராட்சைப் பெட்டிகளுக்குள் ஒவ்வொன்றாக வைத்து, மேலே பழைய பேப்பரைப் போட்டு மூடினான். கேபினெட் அதில் அடங்கவில்லை. அதற்கு மகாலட்சுமியின் பழைய சேலையைச் சுற்றினான்.

மலைச்சாமி வெள்ளந்தி. பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு மானிட்டரைத் தூக்கி ஏற்றினான்.

"மச்சான், எல்லாம் புதுசாவுல்ல இருக்கு. என்ன சாமான் இது?"

"விலையுயர்ந்த சாமான் மாப்ள. அம்புட்டுத்தான் இப்பச் சொல்ல முடியும். முத்துலட்சுமி கிட்ட மட்டும் குடு. மச்சுல ஏத்தி வைக்கச் சொல்லு."

"யாருக்கு மச்சான் இது?"

"ஞாயித்துக்கெழம வரைக்கும் யாரும் கேக்கப்படாது. முக்கியமா, மகா காதுக்குப் போகப்படாது."

மலைச்சாமி பெட்டிகளைப் பார்த்தான். மச்சானைப் பார்த்தான். கண் கலங்கிவிட்டது. எதற்கென்று பாண்டீஸ்வரனுக்கு விளங்கவில்லை, அவன் எண்ணிக்கையில் மும்முரமாக இருந்தான். பதினெட்டு, பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று. சரி.

காதுகுத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, தாய்மாமன் வீட்டிலிருந்து தங்கச்சி வீட்டுக்கு, புத்தம்புதுச் சாமான் இருபத்தொரு உருப்படி, ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் கேட்காதே என்று சொல்லி வந்து இறங்கினால், கம்பம் பள்ளத்தாக்கில் அதற்கு ஒரு பேர்தான் உண்டு. அந்தப் பேர் ஊர்க்குழந்தைக்குத் தெரியும். கணக்குப் பார்த்துப் பெட்டி ஏற்றியவனுக்கு மட்டும் தோன்றவில்லை.

சாயங்காலம் மகாலட்சுமி திருநீற்றுப் பொட்டலத்தோடு வந்தாள். முன்னறை காலியாகக் கிடந்தது. பாண்டீஸ்வரன் நாலு விதமான பதில் தயாரித்து வைத்திருந்தான். டெஸ்ட் முடிந்தது, ஆபீசில் இருக்கிறது, பூச்சி மருந்து அடிக்க வேண்டும், கம்பெனிக்காரர் பார்க்க வருகிறார். அவள் வந்தாள், காலியிடத்தைப் பார்த்தாள், துடைப்பத்தை எடுத்துக் கூட்டினாள்.

"நீ ஒண்ணும் கேக்கலையே?" என்றான்.

"என்னத்தக் கேக்க?"

"பெட்டி எங்கன்னு."

"ஒங்க பெட்டி, நீங்க எங்க வேணாலும் வைப்பீக. எனக்குக் கூட்ட எடம் கெடச்சுச்சு."

 ஒரு பொருளைப் பற்றிக் கேள்வி கேட்டால் பதில் சொல்லிச் சமாளிக்கலாம். கேட்கவே இல்லையென்றால் என்ன சமாளிப்பது? சனிக்கிழமை முழுக்க அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பாட்டுக்குச் சேலைக்கு இஸ்திரி போட்டாள். தாம்பாளங்களைப் புளி போட்டு விளக்கினாள். பக்கத்து வீடுகளில் இரவல் தாம்பாளம் வாங்கி அதையும் விளக்கினாள்.

"இம்புட்டுத் தாம்பாளம் எதுக்கு?"

"பழம், தேங்கா, வேட்டி, சேல எல்லாம் தட்டுலதான வைக்கணும். சீருன்னா நாலு தட்டோடவா போறது? நீங்க முன்னாடி பஸ்ல போங்க. நான் தம்பி வேன்ல பின்னால வந்திர்றேன். மொட்ட போட்டு முடிக்கிறதுக்குள்ள வந்திருவேன்."

தம்பி வேன். ஓகோ என்று பாண்டீஸ்வரன் நினைத்துக்கொண்டான். வேன் அல்லிநகரத்துக்கு வரும், முன்னறையைத் திறப்பார்கள், உள்ளே ஒன்றும் இருக்காது, அக்காளும் தம்பியும் முழிப்பார்கள். அதை நேரில் பார்க்க முடியவில்லையே என்றுதான் அவனுக்கு வருத்தம். அவள் கழுத்தைப் பார்த்தான். சங்கிலி கிடந்தது. எல்லாம் திட்டப்படி.

ஞாயிற்றுக்கிழமை சுருளிப்பட்டி போய் இறங்கியதும் தங்கச்சியைத் தனியாகக் கூப்பிட்டான்.

"சாமான் பத்திரமா இருக்கா?"

"கண்ணுல வச்சுப் பாத்துக்கிட்டேண்ணே." முத்துலட்சுமி மூக்கை உறிஞ்சினாள். "நீ இம்புட்டுச் செய்வன்னு நான் நெனைக்கவே இல்ல."

"எனக்கு ஒன்ன விட்டா யாரு இருக்கா?" என்றான் பாண்டீஸ்வரன். நம்பி ஒளித்துவைத்ததைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தான். மச்சில் ஏறிப் பார்க்கலாமா என்றுகூட ஒரு நினைப்பு. புது வேட்டி, ஏணி அழுக்கு, விட்டுவிட்டான்.

குலசாமி கோயில் வாசலில் பந்தல். மொட்டை அடித்துச் சந்தனம் பூசிய இனியனைக் கொண்டுவந்து தாய்மாமன் மடியில் உட்கார வைத்தார்கள். காது குத்த வந்த ஆசாரி ஊசியை எடுத்தார்.

"மாமன் நல்லாச் சம்மணங்கால் போட்டு உக்காருங்க. ரெண்டு காதும் முடியிற வரைக்கும் மடி அசையப்படாது. பாதியில எந்திரிச்சா பிள்ளைக்கு ஆகாது."

"நான் எதுக்கு எந்திரிக்கப்போறேன்?" என்றான் பாண்டீஸ்வரன்.

அப்போது தெருமுனையில் மேளச் சத்தம் கேட்டது. மைக்கைப் பிடித்திருந்த சண்முகராஜ் தொண்டையைச் செருமினார். அந்த ஊரில் எந்த விசேஷத்துக்கும் மைக் அவரிடம்தான் இருக்கும்.

"சீர் வருது, சீர் வருது. அல்லிநகரம் தாய்மாமன் பாண்டீஸ்வரன் அவர்கள் வீட்டுச் சீர். வழி விடுங்க. மொதல் தட்டு வெத்தல பாக்கு. ரெண்டாவது தட்டு வாழப்பழம். மூணாவது தேங்கா. நாலாவது... நாலாவது தட்டுல என்னம்மா அது?"

பாண்டீஸ்வரன் எட்டிப் பார்த்தான்.

நாலாவது தட்டை ஏந்தி வந்தவள் மகாலட்சுமி. பட்டுச்சேலை, தலை நிறைய மல்லிகை. தாம்பாளத்தில் பச்சையாக, மூடி இல்லாமல், மதர்போர்டு. நாலு மூலையிலும் சந்தனம், நடுவில் குங்குமம்.

"மச்சுல இருந்து எறக்கி அப்படியே பெட்டியோட வச்சா சபைக்குத் தெரியாதுல்ல, அதான் பிரிச்சிட்டோம்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு வந்தாள்.

அடுத்து வந்தவள் பவர் சப்ளையை இடுப்பில் இடுக்கியிருந்தாள். தட்டு தாங்கவில்லையாம். அதற்கடுத்து மெமரி ரேம்களை வெற்றிலை அடுக்குகிற மாதிரி விசிறியாக அடுக்கியிருந்தார்கள். சூட்டை இழுக்கிற கூலருடைய மெல்லிய தகடுகளுக்கு நடுவில் மல்லிகைச் சரத்தைக் கோத்துவிட்டிருந்தார்கள். கிராபிக்ஸ் கார்டை ஏந்திய ஊர்க்கிழவி சந்தனம்மாள் அதன் செருகுமுனையில் இருந்த பொன்னிறப் பல்வரிசையை விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தாள். அந்த இடத்தில் கை படக்கூடாது என்று பாண்டீஸ்வரன் மூன்று இதழில் எழுதியிருக்கிறான். பட்டுச்சேலை உரசலில் உண்டாகிற கரண்டு ஒன்று போதும், மெமரி செத்துப்போகும் என்று ஒரு இதழ் முழுக்க எழுதியிருக்கிறான். இங்கே பட்டுச்சேலை வரிசை கட்டி வருகிறது. கேபினெட்டை விஜய்பாண்டி தலையில் வைத்து ஆடிக்கொண்டே வந்தான்.

பாண்டீஸ்வரன் பதறி எழப்போனான். ஆசாரி தோளைப் பிடித்து அமுக்கினார்.

"எங்க எந்திரிக்கிறீக? ஒரு காதுதான் ஆயிருக்கு."

"அய்யா, அங்கன பாருங்க, அதெல்லாம் என்..."

"தெரியும்யா, ஒங்க சீருதான். ஊரே பாக்குது. அசையாதீக."

பாண்டீஸ்வரன் "அய்யோ" என்று அலறினான். ஊசி குத்தியதுகூடத் தெரியாமல் இனியன் மாமன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிள்ளை அழவே இல்லை, மாமன்தான் அழுதான் என்று பின்னால் ஊரில் ரொம்ப நாள் பேசிக்கொண்டார்கள். எவ்வளவு பாசம் இருந்தால் இப்படி அழுவான் என்று இரண்டு பொம்பளைகள் கண்ணைத் துடைத்தார்கள்.

"இருபத்தி நாலு தட்டு" என்றார் சண்முகராஜ். "அதுல இருபத்தொரு தட்டு கம்ப்யூட்டர் சாமான். இந்தச் சுத்துப்பட்டுல எந்தத் தாய்மாமனும் கம்ப்யூட்டர் சீர் செஞ்சதில்ல. மொதக் கம்ப்யூட்டர் சீர் நம்ம ஊருக்குத்தான் வந்திருக்கு."

இரண்டாவது காதும் முடிந்தது. பாண்டீஸ்வரன் பிள்ளையைத் தங்கச்சி கையில் திணித்துவிட்டு ஓடினான். அவனிடம் கடைசியாக ஒரு ஆயுதம் இருந்தது. உண்மை. மைக்கைப் பிடுங்கினான்.

"எல்லாரும் மன்னிக்கணும். இதுல ஒரு தப்பு நடந்துபோச்சு. இது எதுவும் என் சாமான் இல்ல. எல்லாம் கம்பெனிச் சாமான். நான் திருப்பி அனுப்பணும். எனக்குச் சொந்தமில்லாதத நான் எப்படிச் சீர் வைக்க முடியும்?"

மேளம் நின்றது. முத்துலட்சுமி முகம் செத்துவிட்டது. மலைச்சாமி துண்டை எடுத்துத் தோளில் போடுவதும் இறக்குவதுமாக நின்றான். அவன் அம்மா, "இரவல் சாமானயா சீருன்னு தூக்கிட்டு வந்தாக?" என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டது எல்லோருக்கும் கேட்டது. தங்கச்சியைப் பார்க்கப் பாண்டீஸ்வரனுக்கே பாவமாக இருந்தது. ஆனாலும் என்ன செய்ய, பேர் போய்விடுமே.

மகாலட்சுமி பதறவில்லை. கைப்பையைத் திறந்து ஒரு கவரை எடுத்தாள்.

"அவரு எப்பவும் இப்படித்தான். நல்லது செஞ்சா வெளிய சொல்லக் கூச்சப்படுவாரு. சண்முகராஜண்ணே, இதக் கொஞ்சம் வாசிங்க."

சண்முகராஜ் மைக்கைத் திரும்ப வாங்கி, கண்ணாடியைப் போட்டு, ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார்.

"அன்புள்ள திரு. பாண்டீஸ்வரன் அவர்களுக்கு, பத்திரிகை ஆசிரியர் எழுதுவது. தாங்கள் சோதித்துவரும் இருபத்தொரு பொருள்களையும் நிறுவனங்கள் திரும்பப் பெற்றுக்கொள்ளப் போவதில்லை. தங்கள் மதிப்புரைகளுக்கு எங்கள் நன்றியாக அவை அனைத்தையும் தாங்களே சொந்தமாக வைத்துக்கொள்ளவும். ஆண்டு மலருக்கான கட்டுரையை மட்டும் அனுப்பினால் போதுமானது. இப்படிக்கு."

கையெழுத்து அசல். அந்தச் சுழியை எந்த ஊரில் வைத்துக் காட்டினாலும் பாண்டீஸ்வரன் கண்டுபிடிப்பான். சந்தேகப்பட இடமே இல்லை. இரண்டு கிராபிக்ஸ் கார்டு, மூன்று பவர் சப்ளை, வாழ்நாளில் காசு கொடுத்து வாங்க முடியாத அந்த மானிட்டர், எல்லாம் ஒரு நிமிஷம் அவனுக்கே சொந்தமாக இருந்தன. அடுத்த நிமிஷம் சண்முகராஜ் மைக்கில் சொன்னார்:

"சொந்தமா வச்சுக்கன்னு குடுத்ததக்கூட ஒண்ணு மிச்சம் வைக்காம மருமகனுக்குத் தூக்கிக் குடுத்திருக்காக. மாமன்னா இவுகதான் மாமன்."

சனம் கைதட்டியது. மேளம் மறுபடி எடுத்தது. மலைச்சாமி வந்து கட்டிப்பிடித்தான்.

"மச்சான், ஒரே ஒரு வார்த்த. இத யாரு பூட்டிக் குடுப்பா? எனக்கு ஒண்ணும் தெரியாது. அடுத்த ஞாயித்துக்கெழம வந்து நீங்களே பூட்டிக் குடுத்திருங்க."

பாண்டீஸ்வரன் தங்கச்சியைப் பார்த்தான். சங்கிலியாவது கேட்பாளா, அந்தக் கோபத்தையாவது மகாலட்சுமி மேல் காட்டலாமா என்று ஒரு நப்பாசை. முத்துலட்சுமி மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"சங்கிலி எல்லா மாமனுந்தான் போடுறாக. இப்படி யாரு செய்வா மதினி? லெட்டர் வாசிச்ச பெறகு எங்க மாமியா வாயையே தெறக்கல."

திரும்பும்போது விஜய்பாண்டி வேனை ஓட்டினான். முன்சீட்டில் புருஷனும் பெண்டாட்டியும். கம்பம் தாண்டியதும் பாண்டீஸ்வரன் விஜய்பாண்டியைக் கேட்டான்.

"ஏன் மாப்ள," என்றான், "ஒன் பிரவுசிங் சென்டருக்குக் கம்ப்யூட்டர் என்னாச்சு?"

"மதுரையில பத்து செட்டு சொல்லி ரெண்டு மாசமாச்சு மச்சான். வந்து எறங்கிருச்சு."

"அப்ப ஒங்க அக்கா போன்ல வேன் கேட்டது?"

"சீரு கொண்டுபோக. வேற எதுக்கு?"

பாண்டீஸ்வரன் மனைவி பக்கம் திரும்பினான். அவள் கழுத்துச் சங்கிலியின் கொக்கியைச் சரிபண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"எது, சங்கிலியா? போன மாசமே. ஒங்க தங்கச்சிதான் போன் போட்டாக. 'மதினி, அண்ணன் எல்லாம் சொல்லுச்சு, ஒங்களுக்குப் பெரிய மனசு'ன்னு அழுதாக. நானும் அழுதேன்."

"பெட்டிய அங்கன கொண்டுபோய் வைப்பேன்னு எப்படித் தெரியும்?"

"நீங்க எதைத்தான் அங்கன கொண்டுபோய் வைக்கல? போன வருஷத்து போனசு அங்கன, காலேஜ் போட்டோ அங்கன, எனக்குத் தெரியாம வாங்குன ஸ்பீக்கர் பெட்டி அங்கன. ஒங்கள யாரும் தூக்கிக் கொண்டுபோகச் சொல்லல. நான் ஒரு பெட்டியச் சாண் போட்டேன், ஒரு தடவ தம்பி கிட்டப் பேசுனேன். அம்புட்டுத்தான்."

சின்னமனூர் வந்தது. அவன் கணக்குப் போட்டுப் பார்த்தான். வீட்டுக்கு வரும் தபாலையும் பார்சலையும் கையெழுத்துப் போட்டு வாங்குவது அவள்தான். அவன் ஆபீசில் இருப்பான்.

"அந்த லெட்டர் என்னைக்கு வந்துச்சு?"

"அது வந்து மூணு வாரம் ஆச்சு."

"அன்னைக்கே எங்கையில குடுத்திருந்தா, நமக்குச் சொந்தமான சாமான்னு தெரிஞ்சு நான் ஏன் அதத் தூக்கிட்டுப்போய் ஒளிக்கப்போறேன்?"

மகாலட்சுமி தலையை அவன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"அதுனாலதாங்க குடுக்கல" என்றாள்.